மாநிறம் என்னும் சொல்

வங்கத்தில் குடியேறும் தமிழர்க்கு ஒரு விந்தை விரைவில் புலப்படும். காளிகட்டத்திலும் தட்சிணேசுவரத்திலும் கரிய திருமேனி கொண்ட அன்னையின் முன் மக்கள் திரள் திரளாக நின்று கண்ணீர் மல்குகின்றனர். இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த காசி நஸ்ருல் இஸ்லாம் அவ்வன்னையின்மீது உள்ளம் உருகும் பாடல்கள் பல இயற்றினார். நம் நியூ டவுனில் உள்ள நஸ்ருல் தீர்த்தம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமகள் தேடும் பத்திகளைப் பாருங்கள். ‘ஃபர்சா’ என்ற சொல் மீண்டும் மீண்டும் வரும். வெளுத்த நிறமுடைய பெண் வேண்டும் என்பது பொருள். பெண் கறுப்பாயின் ‘உஜ்ஜ்வல் சியாம்வர்ணா’ என்று எழுதுவர். ஒளி பொருந்திய கருநிறம் என்பது அதன் பொருள். பொருள் அழகியதுதான், ஆனால் ஒரு குறையை மூடி மறைப்பதற்காகவே அச்சொல் அங்கு வந்து நிற்கிறது.

வங்காளியரைப் பார்த்து நாம் நகைப்பதற்கில்லை. நம் தமிழ் இதழ்களின் மணமக்கள் பத்திகளிலும் ‘நல்ல சிவப்பு’ முன்னே நிற்கிறது. அஃது இல்லாதவிடத்து ‘மாநிறம்’ வந்து ஒதுங்கி நிற்கிறது. அச்சொல்லின் பிறப்பைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ‘மா’ என்பதற்குக் கருமை என்றும் பொருள் உண்டு. முல்லை நிலத்துக்குத் தொல்காப்பியர் கூறிய தெய்வம் மாயோன், அதாவது கரியவன். சங்கப் புலவர்கள் தலைவியின் மேனி நலத்தை ‘மாமை’ என்றனர். மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர் விளக்குவர். தலைவன் பிரிந்தால் அந்த மாமை கெட்டு மேனி வெளிறும். அவ்வாறு வெளிறுவதற்குப் பசலை என்று பெயர். திருக்குறளில் 119-ஆம் அதிகாரம் முழுவதும் அப்பசலையின் துன்பத்தையே பேசுகிறது. அன்றைய தமிழர்க்கு மாமை நலம், வெளிறுதல் நோய். இன்றோ வெளிறுவதற்காகவே காசு கொடுத்துக் களிம்பு வாங்குகிறார்கள்!

இம்மாற்றம் குடும்பத்துக்குள் எப்பொழுது நுழைகிறது? குழந்தை பிறக்கும் முன்பே நுழைந்துவிடுகிறது. பிள்ளை சிவப்பாகப் பிறக்கவேண்டும் என்று கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூக் கலந்த பால் கொடுக்கிறார்கள். நிறம் பெற்றோர் வழியாக வருவது. பால் வழியாக வருவதன்று. பிறந்த குழந்தையின் காது மடலைத் திருப்பிப் பார்த்து, வளர்ந்தபின் என்ன நிறம் தேறும் என்று பாட்டியார் சோதிடம் சொல்கிறார். சில ஆண்டுகள் சென்றதும், ‘வெயிலில் ஆடாதே, கறுத்துப் போவாய்’ என்ற எச்சரிக்கை எழுகிறது. பெரும்பாலும் பெண் குழந்தைக்கே அது கிடைக்கிறது. 1975-இல் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ இந்த அச்சத்தின் மீதே வளர்ந்தது. நிறவெறிக்கு எதிரான குரல் உலகெங்கும் எழுந்த 2020-இல் அதன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கினர். பெயர் மாறியது, நம் வீட்டுக் கூடத்துப் பேச்சு மாறியதா?

இனிக் கலையைக் காண்போம். 1968-இல் வந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில், மெஹ்மூத் தென்னாட்டு இசையாசிரியராக வேடமிட்டு நம் பேச்சையும் தோற்றத்தையும் நகைப்புக்கு உரியனவாக்கினார். அதை எண்ணி நாம் வருந்துவதுண்டு. 1970-இல் சத்யஜித் ராய் எடுத்த ‘ஆரண்யேர் தின் ராத்ரி’யில் சந்தால் பழங்குடிப் பெண்ணாக வந்தவர் சிமி கரேவால், அதற்காக அவர் மேனியில் கருமை பூசினர். ராயின் மேதைமையை ஐயுறுவார் எவருமிலர். அத்தகைய மேதையின் கண்ணுக்கும் அது தவறாகத் தோன்றவில்லை என்பதே நாம் கருதத் தக்கது. தாகூர் 1900-இல் வெளியிட்ட ‘க்ஷணிகா’ என்ற நூலில் ஒரு சிற்றூர்ப் பெண்ணைப் பாடினார். ஊரார் கறுப்பி என்ற அவளை அவர் ‘கிருஷ்ணகலி’, கரிய மொட்டு, என்று அழைத்தார். அப்பெயரிலேயே 2018-இல் ஒரு வங்கத் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. அதன் கதாநாயகிக்கும் கருமை பூசியே நடிக்கவைத்தனர். கறுத்த பெண்ணின் கதை வேண்டும். கறுத்த பெண் வேண்டாம்!

தமிழ்த் திரை இதற்கு விலக்கன்று. 2007-இல் வந்த ‘சிவாஜி’ படத்தில் இரு பெண்களின் முகத்தில் கருமை பூசி, அவர்களைக் கேலிப்பொருளாக நிறுத்தினர். அவர்களுக்கு இட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரி வள்ளலின் மகளிர் பெயர்கள்! தந்தையை இழந்த அம்மகளிரைக் கபிலர் தம் மக்களாகவே கொண்டு காத்தார் என்று படித்த நாமே, அப்பெயர்களைத் திரையரங்கில் கேட்டுச் சிரித்தோம். இவ்வளவு ஏன், நம் குழந்தைகள் நாடகங்களையே பாருங்கள். கண்ணன் கரியவன். ஆயினும் கண்ணன் வேடத்துக்குச் சிவந்த பிள்ளையைத் தேடிப் பிடித்து, அவன் முகத்தில் நீலம் பூசுகிறார்கள். கறுத்த பிள்ளைக்கோ அரக்கன் வேடம் காத்திருக்கிறது.

இவையெல்லாம் சிறு செய்திகள் என்று சிலர் கூறலாம். 2017-இல் தமிழகக் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த், தம் நிறத்தைச் சொல்லிப் பலர் இழித்துரைத்ததை வெளிப்படையாக எழுதினார். இந்தியாவுக்காக ஆடிய இலட்சுமண் சிவராமகிருஷ்ணனும் தாம் வாழ்நாள் முழுவதும் இவ்வேற்றுமைக்கு ஆளானதாக 2021-இல் கூறினார். நாடறிந்த வீரர்க்கே இந்நிலை என்றால், பள்ளியில் தனித்து நிற்கும் நம் சிறுவனின் நிலை என்ன?

அவனை ‘மாத்ராஜி’ என்கிறார்கள். சென்னை மாநிலம் 1969-இல் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. எனினும் அப்பழைய சொல் இங்கே சாகவில்லை. அதைக் கேட்டு நாம் சினப்பது முறையே. ஆனால் முர்ஷிதாபாத்திலிருந்தும் மால்டாவிலிருந்தும் கட்டட வேலை தேடித் தமிழகம் செல்லும் இளைஞனை நம்மவர் ‘வடக்கன்’ என்கிறார்களே! அவன் வடக்கிலிருந்து வந்தவனா, கிழக்கிலிருந்து வந்தவனா என்றுகூடக் கேட்பதில்லை. ‘வடக்கன்’ என்று பெயரிட்ட ஒரு தமிழ்ப்படம் தணிக்கையாளரின் மறுப்பால் 2024-இல் ‘ரயில்’ என்று பெயர் மாறி வந்தது. படத்தின் பெயரை மாற்றலாம். நாவில் ஊறிய இகழ்ச்சியை அவரவரே மாற்றிக்கொள்ளவேண்டும்.

வெளியில் ஏச்சுக் கேட்ட குழந்தை வீட்டை நோக்கி ஓடிவரும். வீட்டிலும் அதே ஏச்சு, கொஞ்சுமொழியாகவும் கேலியாகவும் காத்திருந்தால், அது எங்கே ஓடும்? நிறவெறி நம் பிள்ளையைத் தெருவில் காயப்படுத்தலாம். அக்காயம் ஆறுவதும் புரையோடுவதும் நம் இல்லத்துச் சொல்லைப் பொறுத்தன. தென்னாப்பிரிக்காவில் நிறவேற்றுமை ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22-இல் தம் 16-ஆம் வயதில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையைப் போற்றுகிறோம். போற்றுதல் மேடையோடு நின்றுவிடலாகாது.

நாம் கேட்பவை பெரியன அல்ல. மகனுக்கோ மகளுக்கோ வரன் தேடி எழுதும்போது நிறத்தைக் குறிக்கும் சொல்லை அடித்துவிடுங்கள். அடுத்த விழா நாடகத்தில் கண்ணனாகவும் சீதையாகவும் கறுத்த பிள்ளைகளும் மேடையேறட்டும். நாட்டியச் சிறுமியின் கையும் முகமும் ஒரே நிறமாக இருக்கும்படி ஒப்பனை அமையட்டும். பிறந்த குழந்தையைக் காணச் செல்லும்போது காது மடலைப் பாராமல் கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பிள்ளை ‘நான் ஏன் கறுப்பு?’ என்று கேட்டால், ‘பரவாயில்லை’ என்று தேற்றவேண்டா. மாமை என்ற சொல்லைச் சொல்லிக் கொடுங்கள்.