தினசரி ரயில் பயணம் கட்டுப்படியாகுமா?

திருவாலங்காடு, மணவூர், கடம்பத்தூர் ஸ்டேஷன்களில் விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து இறங்குகிறவர்களில் பலருடைய கணுக்காலில் வயல் சேறு காய்ந்திருக்கும். கையில் சாப்பாட்டு டப்பா, சட்டைப் பையில் சீசன் டிக்கெட். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் பட்டரவாக்கத்தில் இறங்குவார்கள். மற்றவர்கள் சென்ட்ரல் வரை போவார்கள். இவர்கள் விவசாயிகளா, தொழிலாளர்களா என்று கேட்டால் அவர்களாலேயே சட்டென்று பதில் சொல்ல முடியாது. நானும் பத்தொன்பது வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

சென்ற மாதம் என் அக்காள் மகன் வந்திருந்தான். அவனுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் நிலம், அதில் ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசனம், மீதி மானாவாரி மேட்டு நிலம். இரண்டு கறவை மாடு. சென்னையில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது.

"மாமா, சீசன் எடுத்துப் போய் வரட்டுமா, இல்லே குடும்பத்தோட அங்கேயே வீடு பார்த்துக்கட்டுமா? ரெண்டும் வேணாம், நிலத்தையே பார்த்துக்கிட்டு இருன்னு சொல்றீங்களா?" என்று கேட்டான்.

அன்றைக்கு அவனுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இதே கேள்வி இந்த ரயில் பாதையை ஒட்டிய எத்தனையோ வீடுகளில் இருக்கிறது என்பதால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

மூன்றாவதாக அவன் கேட்டதற்குப் பதில் சுலபம். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஒரு கல்யாணமும் பண்ணிக் கரையேறலாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வெளி வருமானம் வேண்டும். அது ரயில் ஏறிப் போய்த்தான் வர வேண்டுமா என்பதே கேள்வி.

நமது ஆட்கள் இதைக் கணக்குப் பார்க்கும்போது டிக்கெட் பணத்தை மட்டும் பார்க்கிறார்கள். ரயில் சீசன் மாதிரி மலிவான பயணம் வேறு கிடையாது. அதே தூரத்துக்கு பஸ்ஸில் போனால் சம்பளத்தில் ஒரு பங்கு கரைந்துவிடும். ஆனால் டிக்கெட்டின் விலை பயணத்தின் விலை ஆகாது. நான் வீட்டை விட்டுப் புறப்படுவது ஐந்தேகாலுக்கு. ஸ்டேஷன் நாலு கிலோமீட்டர். பட்டறை வாசலுக்குப் போய்ச் சேர மணி எட்டு ஆகிவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளியே வந்தால் வீடு வர எட்டு. பயணத்துக்கு மட்டும் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் போயிற்று. ஐந்து என்றே வைத்துக்கொண்டாலும், மாதம் 25 நாள் வேலைக்கு 125 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஓர் ஆள் நாள் என்று வைத்தால் பதினைந்து ஆள் நாளுக்கு மேல். உங்கள் ஊர்க் கூலியால் அதைப் பெருக்கிப் பாருங்கள். சம்பளத்தில் அதைக் கழித்துவிட்டு மீதி என்ன என்று பார்த்தால் சிலருக்குத் தலை சுற்றும்.

அப்படியானால் ரயில் வேலை நஷ்டம்தானே என்று அவசரப்படக் கூடாது. அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் இருந்தால் நிலம் அவ்வளவு வேலை கொடுக்குமா? கொடுக்காது. ஒன்றே முக்கால் ஏக்கரின் வேலை மாதா மாதம் சமமாக வருவதில்லை. சேற்று உழவு, நடவு, களை, அறுவடை என்று கொத்துக் கொத்தாக வந்து, நடுவில் ஓய்ந்துவிடும். மானாவாரி வேர்க்கடலையில் விதைப்பு, களைக்கொத்து, மண் அணைப்பு, பிடுங்குவது போக மிச்ச நாளெல்லாம் வானத்தைப் பார்ப்பதுதான் வேலை. அந்த ஓய்ந்த நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்காருவதைவிட ரயில் ஏறுவது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ரயில் எடுத்துக்கொள்வது வெறும் ஐந்து மணி நேரம் அல்ல. விடியற்காலையையும் அந்திப் பொழுதையும் எடுத்துக்கொள்கிறது. பயிருக்கும் மாட்டுக்கும் நாம் தேவைப்படுகிற நேரமும் அதுதான். மருந்து தெளிப்பதானால் காற்று எழும்புமுன் காலையில், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. மல்லிகை மொட்டு விடியுமுன் பறிபட வேண்டும். சங்கத்துக்குப் பால் காலையிலும் சாயங்காலமும் குறித்த நேரத்துக்குப் போக வேண்டும். மடை திருப்பினோமா, வரப்பில் நண்டு வளை விழுந்து தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகிறதா என்பதையெல்லாம் வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். இப்போது கைப்பேசியிலேயே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் கருவி வந்திருக்கிறது. நல்ல கருவிதான், ரயிலில் உட்கார்ந்தபடியே மோட்டாரைப் போடுகிறார்கள். ஆனால் நண்டு வளையை அது சொல்லாது.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். ஒரு வருஷம் ஆடியில் மேட்டு நிலத்தில் வேர்க்கடலை நன்றாக எழும்பியிருந்தது. இரண்டு நாள் கனத்த மழை. மூன்றாம் நாள் இரவு நான் வரும்போது ஸ்டேஷன் விளக்கைச் சுற்றி வெள்ளை இறக்கைப் பூச்சிகள் கொத்துக் கொத்தாகப் பறந்தன. சிவப்புக் கம்பளிப் புழுவின் தாய்ப் பூச்சி அது. எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. மழை பெய்து மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப் புழுக்கள் பூச்சியாகி வெளியே வரும் அந்தச் சில இரவுகளில் வயல் ஓரத்தில் விளக்குப் பொறி வைக்க வேண்டும், அல்லது தீ மூட்ட வேண்டும். இலைக்கடியில் குவியலாக இட்ட முட்டைகளையும், பொரித்த புதிதில் ஒரே இலையில் கூட்டமாக இருக்கும் குஞ்சுப் புழுக்களையும் கிள்ளி எடுத்து அழித்தால் பாதி வேலை முடிந்தது. அன்றைக்கு உடம்பு தள்ளாடியது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சாப்பிட்டுப் படுத்தேன். மறுநாளும் அதே கதை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளினேன். பிறகு வந்த ஞாயிறுகளில் ஒன்றில் நான் வயலுக்குப் போனபோது காம்புகள் மட்டும் நின்றன. புழு வரப்பு தாண்டிப் பக்கத்து நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. அவர் மேல் தப்பில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கம்பெனியில் கிடைக்கும் லீவை தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் சேர்த்து வைப்பதில்லை. நடவுக்கு இரண்டு நாள், முதல் களைக்கு ஒரு நாள், அறுவடைக்கு இரண்டு நாள், மழை விட்ட மறுநாளுக்கென்று கையிருப்பாக இரண்டு நாள். வீட்டில் குறை சொன்னார்கள். இருந்தாலும் வருஷத்தில் நிலம் நம்மைக் கட்டாயம் கேட்கும் நாட்கள் முப்பது, நாற்பதுக்கு மேல் போகாது. ஞாயிறுகள் போக மிச்சத்துக்குத்தான் லீவு. இந்த நாட்களைக் கொடுக்க மனமில்லாதவன் ரயிலில் போனாலும் நிலம் அவன் கையில் நிற்காது.

இனி மாடு. இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலை குனிந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஐந்தேகாலுக்குப் புறப்பட என் மனைவி மூன்றரைக்கு எழுந்தாள். சமையல், சாணி, பால் கறந்து சங்கத்துக்குக் கொண்டுபோவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, தண்ணீர் கட்டுவது, களைக்கு ஆள் கூப்பிடுவது. "அவர் வேலைக்குப் போகிறார், இவள் வீட்டில் இருக்கிறாள்" என்று ஊரில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ரயிலில் போகிறவனாவது உட்கார இடம் கிடைத்தால் தூங்குகிறான். சம்பளம் என்னுடையது என்று நான் நினைத்த பணத்தில் பாதி அவளுடைய உழைப்பின் மேல் ஏறி வந்த பணம்.

உழைப்பு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. காகிதத்தில் அவள் பெயர் எதிலும் இல்லை. ஒரு தடவை பயிர்க் கடனுக்காக அவள் போனபோது, பட்டா வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, அவரை வரச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான். அவர் வருவதென்றால் ஒரு நாள் சம்பளம் போக வேண்டும். உரம் போட வேண்டிய நாளும் தள்ளிப் போயிற்று. வயலைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு விவசாயி என்ற பெயர் கிடையாது. விவசாயி என்று பெயர் உள்ளவன் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நிற்கிறான். ரயிலுக்குப் போக முடிவு செய்கிறவர்கள் முதல் மாதச் சம்பளத்திலேயே நிலத்தில் ஒரு பகுதியையாவது மனைவி பெயருக்கு எழுதிவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு விற்பனைப் பத்திரத்தைப் போல முத்திரைக் கட்டணம் இல்லை, மிகக் குறைவு. பட்டாவில் பெயர் ஏறிவிட்டால் கடன், மானியம், சிறு விவசாயி சான்று எதற்கும் நீங்கள் லீவு போட வேண்டியதில்லை. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

குடும்பத்தோடு சென்னைக்கே போய்விட்டால் என்ன? பயணம் மிச்சம், தூக்கம் உண்டு, பிள்ளைகளோடு இருக்கலாம், வாஸ்தவம். ஆனால் ஊரில் சொந்த வீடும், கிணற்றுத் தண்ணீரும், பாலும், நவரையில் வந்த நெல்லும் கணக்கில் வராமலே கிடைத்தவை. அங்கே வாடகையில் ஆரம்பித்து கறிவேப்பிலை வரை காசு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாலும் சின்ன நிலத்துக்கு ஆள் சுலபத்தில் வருவதில்லை. சும்மா போட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் சீமைக் கருவேல் ஏறிவிடும். அதன் பிறகு யார் வருவார் என்று இந்தப் பாதையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும், வர்ணம் அடித்த மனைக் கற்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட இந்தப் பாதைதான் நமக்குச் சம்பளத்தைக் கொண்டுவந்தது. "ஸ்டேஷன் அருகில்" என்று விளம்பரம் போட்டு நிலத்தையும் அதுவே விலை பேசுகிறது. போய் வந்துகொண்டிருப்பவன் நிலம் பெரும்பாலும் நிலமாகவே இருக்கிறது. நான் ரயில் பயணத்துக்கு ஆதரவாகப் பேசுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஆனால் போகிறவர் தம் சாகுபடியையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தினமும் ஆள் கேட்கும் மல்லிகையும் கீரையும் ரயில்காரருக்கு ஆகாது. அவற்றைப் பறித்து அதே ரயிலில் கொண்டுபோய் விற்கிற பெண்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு ரயிலே சந்தைக்குப் போகும் வண்டி. மாதச் சம்பளக்காரர் வேர்க்கடலை, உளுந்து, வரப்போரம் தென்னை, மேட்டில் மா என்று போகலாம். வேர்க்கடலைக்கு 40-45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். ஆறு நாள் இடைவெளி இருப்பதால் பெரும்பாலும் ஒரு ஞாயிறு சிக்கும். விதைக்கும் தேதியைக் காலண்டரைப் பார்த்து வைத்தால் கட்டாயம் சிக்கும். உளுந்துக்குப் பூக்கும்போதும், அதற்குப் பதினைந்து நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதும் அப்படியே. தண்ணீருக்குச் சொட்டுநீர் போட்டுவிடுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு. இரண்டு மாடு இருக்கிற இடத்தில் ஒன்று போதும். அதுவும் வீட்டில் இருக்கிறவர் சம்மதித்தால்.

இன்னொரு சின்ன விஷயம். பிரதமர் கிசான் திட்டத்தில் வருஷம் 6,000 ரூபாய் வாங்குகிறவர்கள், சம்பளம் ஏறி வருமான வரி கட்டும் நிலைக்கு வந்தால் அதற்குத் தகுதி இழப்பார்கள். அதற்காக யாரும் வேலையை விட வேண்டாம். தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

யார் போகக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நிலத்தைப் பார்க்க ஒருவரும் இல்லாதவர், கைக்குழந்தையோடும் படுக்கையில் கிடக்கும் பெரியவரோடும் மனைவியைத் தனியே விட வேண்டியவர், இரவு எட்டரைக்கு மேல்தான் வீடு வர முடியும் என்கிறவர். இவர்கள் திருவள்ளூரிலோ அரக்கோணத்திலோ சம்பளம் குறைவாக இருந்தாலும் பக்கத்து வேலையைப் பார்ப்பது நல்லது. சம்பளத்தில் குறையும் பணத்தை 125 மணி நேரத்தோடு வைத்துப் பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. சம்பளத்தை முழுக்கக் குடும்பச் செலவுக்கே விழுங்கக் கொடுத்து, நிலத்துக்கு ஒரு மூட்டை உரம்கூட வாங்காதவரும் யோசிக்க வேண்டும். எனக்கு அந்தப் பத்தொன்பது வருஷமும் கட்டுப்படியானது என்றால், கிணற்றை ஆழப்படுத்தியதும், வெளியில் வட்டிக்கு வாங்காமல் விதை வாங்கியதும் அந்தச் சம்பளத்தில்தான். பிள்ளைகள் விழித்திருந்து என்னைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே என்பதையும் அதே கணக்கில் எழுதத்தான் வேண்டும். அதற்கு எத்தனை ரூபாய் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அக்காள் மகன் சீசன் எடுத்திருக்கிறான், மூன்று மாதத்துக்கு மட்டும். ஒரு மாட்டை விற்கலாம் என்றான். அவன் மனைவி எந்த மாட்டை என்று தானே முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். மேட்டு நிலம் முக்கால் ஏக்கரை அவள் பெயருக்கு எழுதப் பத்திரம் தயாராகிறது. வரும் சொர்ணவாரிக்கு நாற்று விடவும் நடவுக்கும் மூன்று நாள் லீவு வேண்டும் என்று பட்டறையில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.