காற்றைத் தாங்காத கம்பிகள்

பொதுநலத்தின் பெயரால் ஒருவரது வாழ்நிலத்தைக் கேட்கும் அரசு, அந்நிலத்தைத் தொடாமலேயே பெறத்தக்கவற்றையெல்லாம் முறையாகப் பெற்றுத் தீர்த்திருக்க வேண்டும். இழப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பது அதற்குப் பின்னரே எழவேண்டிய வினா. நம் நாட்டிலோ பெரும்பாலும் அந்தப் பின்வினா மட்டுமே மன்றங்களில் பேசப்படுகிறது. முதல் வினாவைக் கேட்பார் இல்லை.

2023 ஜூலையில், நெய்வேலி இரண்டாம் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தையொட்டிப் பரவனாற்றை மாற்றுவழியில் திருப்பும் கால்வாய்க்காக, வளையமாதேவியில் பயிர் நின்ற நெல்வயல்களுக்குள் மண் அள்ளும் பொறிகள் இறங்கின. நிலம் பல்லாண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்று சுரங்கத்தை நடத்தும் நிறுவனம் கூறியது. சட்டத்தின் கண்ணில் அது செல்லும். அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்ற வினா உயர்நீதிமன்றத்திலும் எழுந்தது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று ஆணையும் பிறந்தது. மாநிலத்தின் மின்தேவை என்ற ஒரு சொல்லே அன்று எல்லா எதிர்ப்புக்கும் விடையாக வைக்கப்பட்டது. அந்தச் சொல்லின் மெய்ம்மையை ஆராய்வது இத்தலையங்கத்தின் கடமை.

தூத்துக்குடிக் கடற்கரையில் 1986இல் நிறுவப்பட்ட முன்மாதிரிக் காற்றாலைகளில் தொடங்கி, இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைத் திறனைத் தமிழ்நாடு கொண்டிருக்கிறது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும், செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்களின் வாயிலிலும் வைகாசி தொட்டுப் புரட்டாசி வரை வீசும் காற்று, நிலக்கரியையோ நெல்வயலையோ கேட்பதில்லை. இருந்தும், காற்று மிகுந்து மின்தேவை தாழ்ந்திருக்கும் இரவுகளில், ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் வழக்கம் பல பருவங்களாக நிலவிவந்திருக்கிறது. காற்று பொய்த்ததால் அன்று. வந்ததைச் சுமக்கும் வலிமை மின்தொகுப்புக்கு இல்லாமையால்.

இக்குறையின் வேர் பழையது. காற்று மிகுந்த கணவாய்கள் பேரூர்களுக்கும் பெருமின்நிலையங்களுக்கும் தொலைவில் உள்ளவை. அங்குச் சென்ற கம்பிகள் சிற்றூர் விளக்குகளுக்கும் வயல் மோட்டார்களுக்கும் மின்சாரத்தைக் கொண்டுசேர்க்க இழுக்கப்பட்டவை. அந்த மெல்லிய வழித்தடங்களின் கடைக்கோடியில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைக் கட்டினோம். தொடக்ககால ஆலைகளில் பெரும்பாலானவை 225, 250 கிலோவாட் அளவிலான தூண்டல் மின்னாக்கிகள். தமக்கு வேண்டிய காந்தப்புலத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள அவற்றால் இயலாது. அதற்கான எதிர்வினைத் திறனைத் தொகுப்பிலிருந்தே உறிஞ்சும். வலிய தொகுப்பு அதனைப் பொருட்படுத்தாது. மெலிந்த தொகுப்பில் மின்னழுத்தம் சரியும், சரிந்த அழுத்தத்தில் ஆலைகள் மேலும் உறிஞ்சும், ஒரு கட்டத்தில் ஒன்றையடுத்து ஒன்றாகக் கழன்றுவிடும். எங்கோ ஒரு கம்பியில் நேர்ந்த கணநேரப் பழுது, வட்டாரம் முழுவதன் காற்று மின்சாரத்தையும் இவ்வாறு பறித்துவிடக்கூடும். அழுத்தம் சரிந்தாலும் கழன்றுவிடாது தாங்கிநிற்கும் ஆற்றல் புதிய ஆலைகளுக்கு வேண்டும் என்ற விதி 2013இல்தான் வந்தது. அதற்குமுன் நிறுவப்பட்டவை ஆயிரக்கணக்கில் இன்றும் சுழல்கின்றன.

எதுவுமே நடக்கவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியே தென்னகத் தொகுப்பு நாட்டின் தொகுப்போடு இணைந்தது. கயத்தாறு போன்ற இடங்களில் 400 கிலோவோல்ட் துணைமின்நிலையங்கள் எழுந்தன. பழைய ஆலைகளை மாற்றிப் புதியன நிறுவ 2024இல் மாநில அரசு கொள்கை வகுத்தது. ஆனால் ஆலை முன்னே போக, கம்பி பின்னே வந்தது என்பதே இந்த நாற்பதாண்டு வரலாறு.

நெய்வேலியின் சார்பில் சொல்லப்படும் ஒரு வாதத்தை மட்டும் எளிதில் தள்ளிவிட முடியாது. காற்று தன் விருப்பப்படி வரும். அனல்மின் நிலையத்தின் கனத்த சுழலிகளோ தம் சுழற்சியின் உந்தத்தாலேயே தொகுப்பின் அதிர்வெண்ணைக் காக்கின்றன. இது உண்மையே. 2016 செப்டம்பர் 28இல் புயலில் கோபுரங்கள் சாய்ந்தபோது, அடுத்தடுத்த அழுத்தச் சரிவுகளைத் தாங்காது காற்றாலைகள் கழன்றுகொள்ள, தெற்கு ஆஸ்திரேலியா மாநிலமே இருளில் மூழ்கியது. ஆயினும் அம்மாநிலம் காற்றைக் கைவிடவில்லை. ஆலைகளின் காப்பு அமைப்புகளைத் திருத்தியது. எரிபொருள் எதையும் எரிக்காது, தொகுப்புக்கு உந்தம் தருவதற்கென்றே சுழலும் நான்கு பெரும்பொறிகளை 2021இல் நிறுவியது. சுழற்சி வேண்டும் என்பதால் சுரங்கம் வேண்டும் என்றாகிவிடாது. நெய்வேலி நிறுவனமே கழுநீர்குளத்தில் 51 மெகாவாட் காற்றாலைகளை நடத்துகிறது. காற்றின் கணக்கு அதற்குப் புதிதன்று.

கிடைக்கும் மின்சாரத்தை முறையின்றி மறுப்பதற்கு விலை உண்டு என்பதற்கும் முன்தீர்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கதிரொளி மின்நிலையங்கள் தொடர்பான வழக்கில், தொகுப்பின் பாதுகாப்பு அல்லாத காரணங்களுக்காக உற்பத்தியைத் தடுத்தால் ஈடுசெய்ய வேண்டும் என மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் கூறியது. முதலீட்டாளரின் இழப்புக்கு அத்தீர்ப்பு வழிசெய்தது. அதே மறுப்பால் நிலம் கேட்கப்படும் உழவர் எந்தத் தீர்ப்பாயத்தில் போய் நிற்பார்?

ஆகவே நாம் கேட்பது இது. நெய்வேலியைச் சூழ்ந்த ஊர்களில் இனி ஓர் ஏக்கர் நிலத்துக்கேனும் அறிவிக்கை வெளியாகுமுன், ஒவ்வொரு காற்றுப் பருவத்திலும் எந்தத் துணைமின்நிலையத்தில், எந்த நேரத்தில், என்ன காரணத்தால், எத்தனை அலகு காற்று மின்சாரம் மறுக்கப்பட்டது என்ற கணக்கை மின்வாரியம் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அம்மறுப்பைத் தவிர்க்கத் தேவைப்படும் கம்பித்தடத்துக்கும், அழுத்தம் காக்கும் கருவிகளுக்கும், காடம்பாறையில் உள்ளதைப் போல் இரவு மின்சாரத்தால் நீரை மேலேற்றிச் சேமிக்கும் நிலையங்களுக்கும் ஆகும் செலவு அதன் அருகிலேயே எழுதப்பட வேண்டும். அந்த ஏட்டின் ஒரு படி, நிலம் கேட்கப்படும் ஊரின் கிராம சபையில் தமிழில் படிக்கப்பட வேண்டும். படித்து முடிக்கும்வரை எந்தப் பொறியும் வரப்பைத் தாண்டலாகாது.