கைதட்டுவதா, முழந்தாளிடுவதா?

கத்தோலிக்கக் கோவில்களில் இன்று இரண்டு விதமான பக்தி அருகருகே வாழ்கிறது. ஒன்று, மணியடித்ததும் முழந்தாளிட்டு, செபமாலை உருட்டி, நவநாள் செபம் சொல்லி, தேர் இழுத்து வளர்ந்த பக்தி. மற்றொன்று, கைகளை உயர்த்தி, உரத்த குரலில் துதித்து, கைதட்டிப் பாடி, நோயாளியின் தலைமேல் கைவைத்துச் செபிக்கும் பக்தி. முன்னதைப் பாரம்பரியம் என்கிறார்கள். பின்னதற்கு அருங்கொடை இயக்கம் என்று பெயர். பெங்களூரிலும் மும்பையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மாமியார் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமுமாக நிற்கும் விஷயம் இது. இருவரும் ஞாயிறன்று ஒரே பூசைக்குத்தான் போகிறார்கள். ஆனால் ஒருவருடைய செபம் மற்றவருக்கு வெறும் கூச்சல். மற்றவருடைய செபம் இவருக்கு உயிரற்ற சடங்கு.

இதை ருசி வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது. இந்தப் பிணக்கில் சில பங்குகள் இரண்டுபட்டிருக்கின்றன. சிலர் திருச்சபையை விட்டே வெளியேறியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயில் விழுந்த ஏழை ஒருவன் யாரிடம் போவது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

வந்த வழி

அருங்கொடை இயக்கம் பெந்தெகொஸ்தே சபைகளிடமிருந்து கடன் வாங்கிய சரக்கு என்று குறை கூறுவோர் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள டியூகேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு வார இறுதித் தியானத்தில் கூடினார்கள். அங்கிருந்துதான் இந்த இயக்கம் பரவியது. அவர்களில் சிலர் அதற்கு முன்பே பிற சபையினரின் செபக்கூட்டங்களுக்குச் சென்று வந்தவர்கள்.

மற்றப் பாதி உண்மை ரோமாபுரியில் இருக்கிறது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், ஆவியின் வரங்கள் ஆதித் திருச்சபையோடு பெரும்பாலும் முடிந்துவிட்டன என்ற கருத்தைக் கர்தினால் ரூஃபினி முன்வைத்தார். பெல்ஜியத்தின் கர்தினால் சூனன்ஸ் அதை மறுத்து, அவ்வரங்கள் இன்றும் எளிய விசுவாசிகளுக்கு அருளப்படுகின்றன என்று வாதாடினார். 1964இல் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் சூனன்சின் கருத்தே இடம் பெற்றது. எனவே டியூகேன் மாணவர்கள் தட்டியது ஏற்கெனவே தாழ்ப்பாள் நீக்கப்பட்ட கதவையே. 1975இல் ஆறாம் பவுல் போப்பாண்டவர் இவ்வியக்கத்தாரை ரோமில் வரவேற்றுப் பேசினார்.

இந்தியாவில் இது 1972இல் பம்பாயில் தொடங்கியது. பிறகு கேரளத்தில் வேரூன்றியது. சாலக்குடியை அடுத்த முரிங்கூரில் வின்சென்ஷியன் சபைக் குருக்கள் நடத்தும் டிவைன் தியான மையம் 1990 முதல் பெருங்கூட்டத்தை ஈர்த்து வருகிறது. அங்கே தமிழிலும் தியானங்கள் நடப்பதால், தமிழர்களுக்கும் அது பழகிய இடமாகிவிட்டது.

எதிர்ப்பில் உள்ள நியாயம்

பாரம்பரியத்தின் பக்கம் நிற்பவர்களின் கவலைகளைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பூசையின் நடுவே இருப்பது நற்கருணை. அதை யார் நிறைவேற்றினாலும், அன்று நம் மனம் உருகினாலும் வறண்டு கிடந்தாலும், அதன் மதிப்பு ஒன்றே. உணர்ச்சியை அளவுகோலாக்கினால், கண்ணீர் வந்த நாள் மட்டுமே கடவுள் வந்த நாள் என்றாகிவிடும். போதகருக்குப் பேச்சு வன்மை இருந்தால் கூட்டம். அவர் மாற்றலாகிப் போனால் வெறுங்கோவில். பரவச மொழி பேசாத விசுவாசி, தன்னிடம் ஏதோ குறை இருக்கிறதென்று வருந்த நேருகிறது. கடைசியில், கைதட்டலும் பரவசமும்தான் தேவையென்றால் அதை இன்னும் தாராளமாகத் தரும் சபைக்கே போய்விடலாமே என்று சிலர் போயும் விட்டார்கள்.

இவை மெய்யான அபாயங்கள். எதிர்ப்பவர்கள் சறுக்குவது, பாரம்பரியம் எது என்று சொல்லும் இடத்தில்.

எது பாரம்பரியம்?

தமிழ்க் கத்தோலிக்கருக்கு 1960கள் வரை பூசை லத்தீனில் நடந்தது உண்மை. ஆனால் அவர்களுடைய பக்தி ஒருநாளும் லத்தீனில் இருந்ததில்லை. பீடத்தில் குருவானவர் முணுமுணுத்துக்கொண்டிருக்க, கீழே சனங்கள் தமிழில் செபமாலை சொன்னார்கள். தவசு காலத்தில் வியாகுலப் பிரசங்கம் கேட்டு மார்பில் அறைந்து அழுதார்கள். பாஸ்கா நாடகம் பார்த்து விடிய விடிய விழித்தார்கள். காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்தார்கள். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே இந்த மண்ணின் நாடியைப் பிடித்தவர். செப்டம்பர் 8 அன்று பெங்களூர் சிவாஜிநகரில் மாதாவின் தேர் புறப்படும்போது எழும் ஆரவாரத்தைக் கேட்டவர்கள், நம் பாரம்பரியம் மௌனமானது என்று சொல்ல மாட்டார்கள். அழுகையும் பாட்டும் கூட்டமும் நமக்குப் புதியவை அல்ல.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பெங்களூரில் 1967இல் அமைந்த தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தின் முதல் இயக்குநர் தென்னார்க்காட்டுத் தமிழரான அருட்தந்தை அமலோற்பவதாஸ். இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி 1969இல் ரோமாபுரி 12 மாற்றங்களை அனுமதித்தது. தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், குத்துவிளக்கு, ஆரத்தி முதலியன அவற்றில் சேரும். இந்து மயமாக்குகிறார்கள் என்று அன்று பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. இன்று அதே குத்துவிளக்கு எத்தனையோ கோவில் விழாக்களில் சர்வ சாதாரணமாக எரிகிறது. நேற்றைய புதுமை இன்றைய பாரம்பரியம் ஆவதற்குப் பல தலைமுறை தேவைப்படவில்லை.

நோயாளியின் கேள்வி

அருங்கொடைக் கூட்டங்களுக்குச் சனங்களை இழுப்பது இறையியல் அன்று; நோய். மருத்துவச் செலவுக்கு வழியில்லாதவனும், மருத்துவர் கைவிரித்தவனும் அங்கே போகிறார்கள். குணம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் யாரோ ஒருவர் அவன் பெயரைக் கேட்டு, தலையில் கைவைத்து, அவனுக்காக உரக்கச் செபிக்கிறார். ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில், பேச்சுத் துணையின்றி இருப்பவனுக்கு அது சிறிய காரியமல்ல.

இங்கேதான் இரு தரப்பும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இருக்கிறது. நோயாளிக்கென்றே திருச்சபையில் ஒரு தேவதிரவிய அனுமானம் காலங்காலமாக உண்டு. நம் பெரியவர்கள் அதை அவஸ்தைப் பூசுதல் என்றார்கள். சாகக் கிடப்பவருக்கு மட்டும் உரியது என்று அது சுருங்கிப் போனதால், குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு வாசலில் நின்றாலே வீட்டில் ஒப்பாரி எழும். 1972இல் ஆறாம் பவுல் அந்தச் சடங்கைத் திருத்தி, கடும் நோயுற்றவரும் மூப்பினால் தளர்ந்தவரும் பெறத்தக்க நோயில் பூசுதலாக அமைத்தார். பம்பாயில் அருங்கொடைச் செபக்கூட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஒன்று சனங்களிடம் தீப்போலப் பரவியது. மற்றொன்றின் பெயர் மாறியது, பயம் மாறவில்லை. பாரம்பரியம் தன் கையிலிருந்த மருந்தை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, நோயாளி வேறிடம் போகிறானே என்று கோபிப்பது பொருந்துமா?

அருங்கொடைத் தரப்புக்கும் கணக்கு உண்டு. குணமடைந்ததாக மேடையில் ஒலிபெருக்கி முன் சாட்சி சொல்ல வைப்பதும், அதை நம்பி ஒருவர் சர்க்கரை மாத்திரையையோ காசநோய் மருந்தையோ நிறுத்திவிடுவதும் விளையாட்டல்ல. பாதியில் நிறுத்திய காசநோய் மருந்து, மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வந்து வீட்டிலுள்ள பிள்ளையையும் பிடிக்கும். 2000ஆம் ஆண்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதுபற்றித் தெளிவான விதிகளை வெளியிட்டது. வெறியுணர்ச்சிக்கும் நாடகத்தன்மைக்கும் பரபரப்புக்கும் இடம் தரலாகாது. இத்தகைய குணமளிக்கும் செபங்களைப் பூசைக்குள் நுழைக்கலாகாது. சாட்சியங்களை உள்ளபடி திரட்டி உரிய அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது அது. செபம் மருத்துவத்தை விலக்குவதில்லை, ஊக்குவிக்கிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. இவ்விதிகளை எத்தனை செபக்கூட்டத் தலைவர்கள் படித்திருக்கிறார்கள்?

செய்யக்கூடியவை

மறைந்த பிரான்சிஸ் போப்பாண்டவர் ஒருகாலத்தில் இவ்வியக்கத்தை விரும்பாதவர். வழிபாட்டைச் சாம்பா நடனப் பள்ளியோடு குழப்புகிறார்கள் என்று அர்ஜென்டினாவில் தாம் குறை கூறியதையும், பின்னர் நெருங்கிப் பார்த்து மனம் மாறியதையும் 2013இல் அவரே சொன்னார். 2019இல் உலகெங்கும் உள்ள அருங்கொடைக் குழுக்களுக்குக் காரிஸ் என்ற ஒரே தொண்டமைப்பு செயல்படத் தொடங்கியதும் அவர் முயற்சியால்தான். நெருங்கிப் பார்ப்பது எல்லாருக்கும் நல்லது.

பங்கு நிலையில் செய்யக்கூடியவை எளியவை. செபக்கூட்டம் பங்குக் கோவிலுக்குத் தெரிந்து நடக்கட்டும். காணிக்கைக் கணக்கு பங்குப் பேரவையின் பார்வைக்கு வரட்டும். மருத்துவச் சான்று இல்லாமல் எந்தக் குணமும் மேடையேற வேண்டாம். மருந்தை நிறுத்தச் சொல்லும் போதகரை அன்றே நிறுத்த வேண்டும். பூசை பூசையாகவும் துதிக்கூட்டம் துதிக்கூட்டமாகவும் தனித்தனியே நடந்தால், கைதட்ட விரும்புகிறவர் கைதட்டுவார். முழந்தாளிட விரும்புகிறவர் முழந்தாளிடுவார்.

மறுபக்கம், பங்கிலுள்ள நோயாளிகளின் பட்டியல் ஒன்று குருவானவரின் மேசைமேல் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது கோவிலிலேயே நோயில் பூசுதல் நடந்தால், எண்ணெய்ச் சிமிழைக் கண்டு அஞ்சும் வழக்கம் ஒரே தலைமுறையில் மறையும். வேதாகமத்தைத் திறந்து வாசிக்கவும், வாய்விட்டுச் செபிக்கவும் அருங்கொடைக் கூட்டங்களில் பழகிய பெண்களை, பூ அலங்காரத்தோடு நிறுத்திவிடாமல், இந்த நோயாளிச் சந்திப்புக்குப் பங்கே அழைக்கலாம்.

ஆவியின் வரங்களைப் பட்டியலிட்ட சின்னப்பர், அன்பில்லையேல் அவையெல்லாம் வெறும் ஓசைதான் என்று கொரிந்தியருக்கு எழுதினார். இது கைதட்டுகிறவருக்கு மட்டும் எழுதியதல்ல. அசையாமல் முழந்தாளிட்டு, பக்கத்து வீட்டு நோயாளியை எட்டிப் பார்க்காமல் வீடு திரும்புகிறவருக்கும் சேர்த்துத்தான்.