தரிப்பிடங்களும் மணிக்கணக்கும்

ரமழான், தீபாவளிக் காலங்கள் நெருங்கிவிட்டால் கொழும்பு புறக்கோட்டையில் வாகனமொன்றை நிறுத்துவதே பெரும் பிரயத்தனமாகி விடுகின்றது. பல மாடித் தரிப்பிடங்கள் வேண்டும் என்ற கோரிக்கையும் அப்போதெல்லாம் எழுகின்றது. அதற்குப் பெருநிதியும் நீண்ட காலமும் தேவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், காத்திருப்பதற்கு அவகாசமும் இல்லை. எனவே, இருக்கும் தரிப்பிடங்களிலிருந்தே கூடுதல் இடத்தைப் பெற முடியுமா என்று ஆராய்வதே விவேகமானது.

முடியும். 60 மீற்றர் நீளமும் 15.6 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு காணியை எடுத்துக்கொள்வோம். நடுவே 6 மீற்றர் வழி விட்டு, இருபுறமும் 2.4 மீற்றர் இடைவெளியில் நேராகக் கோடிட்டால் 50 கார்களை நிறுத்தலாம். 45 பாகை சரிவில் கோடிட்டால் 35ஐ எட்டுவதும் கடினம். ஒடுங்கிய காணிகளில் மாத்திரமே சரிவுக் கோடுகள் பயன் தரும். எமது வீதிகளில் பெருகியுள்ள ஜப்பானியச் சிறிய கார்களின் அகலம் 1.48 மீற்றர் மட்டுமே. ஒரு வரிசையை அவற்றுக்கென 2.2 மீற்றராகக் குறுக்கினால் மேலும் இரண்டு கார்கள் நிற்கும்.

இரண்டுதானா என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோடுகள் தருவது அவ்வளவே; பெரிய இலாபம் நேரத்தில் உள்ளது. காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குச் செல்லும் ஒரு கார், ஒரு மணித்தியாலம் மட்டும் தங்கக்கூடிய பத்து வாடிக்கையாளரின் இடத்தைப் பறித்துக்கொள்கின்றது. அத்தகைய பத்துக் கார்களை வேறிடத்துக்கு மாற்றினால், ஒரு செங்கல்லும் வைக்காமல் நாளொன்றுக்கு 100 பேருக்கு இடம் கிடைக்கும். முதல் மணித்தியாலத்துக்குக் குறைந்த கட்டணம், இரண்டாவதற்குப் பின்னர் செங்குத்தாக உயரும் கட்டணம் என்பதே இதற்கான வழியாகும்.

இதற்கு எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதை நாம் அறிவோம். நாள் முழுவதும் நிற்கும் கார்களில் கடை உரிமையாளர்களுடையவையும் உள்ளன. வியாபாரம் மந்தம் என்று முறையிடும் எமது வர்த்தகப் பெருமக்கள், வாடிக்கையாளர் நிற்க வேண்டிய இடத்தில் தமது வாகனம் நிற்பதைக் கவனிப்பதில்லை.

இடத்தைப் பெருக்கும் ஆர்வத்தில் தொடக்கூடாதவையும் உண்டு. தீயணைப்பு வாகனம் நுழையும் வழி அவற்றுள் ஒன்று. சக்கர நாற்காலியில் வருவோருக்கான இடம் மற்றொன்று. கதவை முழுமையாகத் திறந்து நாற்காலியை இறக்க அகலம் வேண்டும் என்பதால், அது வீணாகக் கிடக்கும் இடம் போலத் தோன்றும். கோடு போடுவோரின் கண் முதலில் அதில்தான் விழும். மாற்றுத்திறனாளிகளின் அணுகு வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இலேயே வெளியிடப்பட்ட நாடு இது.

வர்த்தகர் சங்கங்கள் தமது உறுப்பினரின் வாகனங்களைச் சற்றுத் தொலைவில் நிறுத்துவதற்கு முதலில் இணங்குமாயின், கட்டண மாற்றத்தை மாநகர சபையிடம் வலியுறுத்தும் தகுதி அவற்றுக்கு உண்டாகும். அடுத்த பண்டிகைக் காலத்துக்கு முன்னரே இதனைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.