செவிலித்தாயின் ஊதியம்

சங்க அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். உடன்போக்கில் சென்ற தலைவியைப் பாலைநிலத்தில் தேடி அலைபவளும், மணமான பின் அவளது இல்லறச் சிறப்பைக் கண்டுவந்து நற்றாய்க்கு உரைப்பவளும் செவிலியே. அவள் பேசுவனவற்றைச் 'செவிலி கூற்று' என வகுத்துப் போற்றியது நம் இலக்கிய மரபு. இன்று பிறர் குழந்தைகளை ஊதியத்திற்கு வளர்க்கும் பெண்களின் கூற்றுக்கு நாம் செவிசாய்க்கிறோமா?

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் பருத்தியும் சோளமும் கருகும். களையெடுப்பும் பருத்தியெடுப்பும் நின்றுபோகும். கூலியிழந்த பெண்களுக்கு அப்போது கிடைக்கும் சில வழிகளுள் ஒன்று, நகரத்துச் செல்வர் இல்லங்களில் குழந்தை பார்க்கும் வேலை. அங்கே ஒரு குழந்தைக்கு அவள் கதை சொல்லிச் சோறூட்டும் வேளையில், ஊரில் அவளது குழந்தை பாட்டியின் கையால் உண்கிறது.

இப்பணியைத் 'தெரிந்த வேலைதானே' என எளிதாக எண்ணுவோர் பலர். பசிக்கு அழும் அழுகையையும் உறக்கத்திற்கு அழும் அழுகையையும் பிரித்தறிவதும், நள்ளிரவுக் காய்ச்சலை முதலில் உணர்வதும் பழகிப் பெற்ற திறன்களே. 'எங்கள் வீட்டில் ஒருத்தியாகவே வைத்திருக்கிறோம்' என்று கூறுவோரும் உளர். அவ்வன்பு பாராட்டத்தக்கது. ஆயினும், வேலைநேரமும் விடுப்பும் ஊதிய உயர்வும் பேசப்படாத இடத்தில் அன்பு மட்டும் வட்டிக்கடனைத் தீர்த்துவிடாது. குடும்பத்தில் ஒருத்தி என்பதனாலேயே கூடுதல் ஊதியம் கேட்க அவள் நாணி நிற்கவும் நேர்கிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையை ஏற்றது. வாரந்தோறும் தொடர்ந்து 24 மணிநேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது அது. இந்தியா அதற்கு இன்னும் ஒப்புறுதி அளிக்கவில்லை. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனி நலவாரியம் அமைக்கப்பட்டது. பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்றுக்கொண்டது.

எனினும், மூடிய கதவுக்குள் நடைபெறும் பணியைச் சட்டம் மட்டுமே கண்காணித்துவிட இயலாது. பணியமர்த்தும்போதே ஊதியம், வேலைநேரம், வார விடுப்பு ஆகியவற்றை எழுத்தில் வரையறுத்தல் வேண்டும். நலவாரியத்தில் பதிவுசெய்ய உதவுதல் வேண்டும். நாளை நம் இல்லங்களிலும் இத்தகையோர் பணிபுரியலாம். நம் குழந்தையை நம்பி ஒப்படைக்கும் பெண்ணிடம், அவளுடைய குழந்தையைக் காண ஊருக்குச் செல்ல விடுப்பு வேண்டுமா என்று நாமே முதலில் கேட்போம்.