பொதுவில் இருக்கிறது, பார்த்துக்கொள்வது யார்?

எங்கள் உழவர் குழுவின் வரவு செலவு எழுதும் மடிக்கணினிக்கு வயது பதினொன்று. "இனிமே இது ஓடாதுங்க, புதுசு வாங்கிடுங்க" என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அப்புறம் என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அதில் டெபியன் என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். இன்றைக்கும் ஓடுகிறது. "எவ்வளவுடா ஆச்சு?" என்றேன். "காசெல்லாம் இல்ல மாமா. யார் வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம்" என்றான்.

கேட்டவுடன் மனசுக்குப் பிடித்துப்போனது. விதையைப் பற்றி நாம் வருசக்கணக்காகச் சொல்லிவருவதும் இதைத்தானே! ஆனால் சம்சாரி புத்தி சும்மா இருக்குமா? சும்மா கிடைக்கிற ஒன்றை யார் உட்கார்ந்து செய்கிறார்கள், அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று அவனைத் துருவ ஆரம்பித்தேன். 2023 தையில் தொடங்கி அடுத்த பங்குனி வரை அந்தச் சமூகத்தில் நடந்ததை அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். கணினி பக்கமே போகாத நண்பர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

டெபியன் 1993 ஆகஸ்ட் 16 அன்று தொடங்கியது. தொடங்கியவர் இயான் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர். இதற்குக் கம்பெனியும் கிடையாது, முதலாளியும் கிடையாது. உலகம் முழுக்க ஏறக்குறைய ஆயிரம் பேர் முறையான உறுப்பினர்கள். பெரும்பாலோர் சொந்த நேரத்தில், சம்பளம் இல்லாமல் உழைக்கிறார்கள். எங்கெங்கோ யார் யாரோ எழுதும் நிரல்களைச் சேகரித்து, சோதித்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி பொதி கட்டித் தருவது இவர்கள் வேலை. ஒவ்வொரு பொதிக்கும் இன்னார் பொறுப்பு என்று பெயர் இருக்கும். 1997இல் ஒரு சமூக ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். இது என்றைக்கும் கட்டற்றதாகவே இருக்கும், குறைகளை மறைக்க மாட்டோம் என்பவை அதில் முக்கியமானவை. எந்தப் பொதியில் என்ன கோளாறு என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பூச்சிக்கொல்லிக் கம்பெனி ஏதாவது இப்படி ஒரு ஒப்பந்தம் எழுதுமா?

உலகத்தில் பலர் பயன்படுத்தும் உபுண்டு இதிலிருந்து கிளைத்ததுதான். பக்கத்தில் கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் படிக்கும் கணினிகளில் இருப்பதும் அந்த உபுண்டு வழி வந்ததே.

சரி, அந்த ஆண்டுக்கு வருவோம்.

2023 ஜனவரியில் 'உறைதல்' தொடங்கியது. டெபியனில் மூன்று நிலைகள் உண்டு. புதிதாக வருவதெல்லாம் முதலில் 'நிலையற்றது' என்ற இடத்தில் விழும். நம் நாற்றங்கால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சில நாள் தாக்குப்பிடித்தால் 'சோதனை' வயலுக்கு நடவு. அதிலும் தேறினால்தான் 'நிலையானது' என்ற குதிருக்குப் போகும். உறைதல் காலத்தில் புதிது எதையும் உள்ளே விடமாட்டார்கள். படிப்படியாகக் கதவைச் சாத்திவிட்டு, இருப்பதில் உள்ள பிழைகளை மட்டும் களைவார்கள். பால் பிடிக்கிற பயிரில் யாராவது புதுசாக எதையாவது முயன்று பார்ப்பார்களா? அதே கணக்கு. ஜூன் வரை, ஐந்து மாதம் இப்படிக் களை எடுத்தார்கள்.

ஏப்ரலில் தலைவர் தேர்தல். ஆண்டுதோறும் நடக்கும். வாக்குச்சீட்டில் 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்ற வரி எப்போதும் இருக்கும். நம் தேர்தலில் நோட்டா வந்தது 2013இல்தான். இவர்கள் அதற்கு முன்பிருந்தே வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு போட்டியிட்டவர் ஒரே ஒருவர், ஏற்கெனவே மூன்று முறை தலைவராக இருந்த தென்னாப்பிரிக்கரான ஜோனதன் கார்ட்டர். அவரே மறுபடியும் வந்தார். ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் பொறுப்பேற்க ஒருவர்தான் முன்வந்தார் என்பதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் சங்கக் கூட்டங்களில் 'செயலாளர் யாரு?' என்று கேட்டதும் எல்லோரும் செருப்பைத் தேடுவோமே, அதுதான் நினைவுக்கு வந்தது.

ஜூன் 10 அன்று 'புக்வார்ம்' என்ற பெயரில் புதிய பதிப்பு வெளியானது. 64,000க்கும் மேற்பட்ட பொதிகள். அதில் ஒரு பெரிய சண்டையின் முடிவும் இருந்தது. வைஃபை போன்ற வன்பொருள்கள் பலவும் கம்பெனிகள் பூட்டிவைத்த சிறு நிரல்கள் இல்லாமல் இயங்காது. அவற்றை நிறுவும் வட்டிலேயே சேர்க்கலாமா கூடாதா? கொள்கை கெட்டுவிடும் என்றார்கள் ஒரு சாரார். ஏழை எளியவன் கணினியில் ஓடாத கொள்கையால் யாருக்கு லாபம் என்றார்கள் மறுசாரார். 2022 அக்டோபரில் வாக்கெடுத்து, சேர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் அவற்றைத் தனிப்பிரிவில், தனிப்பெயரில் வைத்தார்கள். முழு இயற்கைக்கு மாறாத பண்ணையின் விளைச்சலை என்ன பெயரில் விற்பது என்று நாம் அடித்துக்கொள்கிறோம் அல்லவா, அவர்களிடம் இதில் கற்றுக்கொள்ளலாம். இறங்கிவந்தார்கள், ஆனால் மறைக்கவில்லை.

ஆகஸ்டில் முப்பது வயது முடிந்தது. செப்டம்பரில் ஆண்டு மாநாடு நம் கொச்சியில் நடந்தது. வருடம் முழுக்க எழுத்தில் மட்டுமே பழகியவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டு, பேசி, சண்டைபோட்டுப் பிரிந்தார்கள். இந்தச் சந்திப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் அடையாள அட்டையை மற்றவர் நேரில் பார்த்து, 'இவர் இவர்தான்' என்று அவருடைய மின்னணுச் சாவிக்குச் சான்று கொடுப்பார்கள். அப்படிச் சான்று இல்லாமல் டெபியனில் உறுப்பினர் ஆவது கடினம். முகம் பார்த்துப் பழகுவதன் அருமை அடுத்த ஆறு மாதத்தில் தெரிந்தது.

எக்ஸ்இசட் என்று ஒரு சின்ன நிரல். கோப்புகளைச் சுருக்கி அடக்கும் வேலை அதற்கு. டெபியன் உட்பட லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் உள்ளே எங்கோ கிடக்கும். உலகமே பயன்படுத்தும் அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் ஒரே ஒருவர். அதுவும் சம்பளம் இல்லாமல். 2022இல் சிலர் அவரை நெருக்க ஆரம்பித்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. தனக்கு நீண்டநாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது கூலியில்லாமல் செய்யும் வேலை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். அந்தப் பதிலைப் படித்துவிட்டு எத்தனை பேர் 'நான் ஒரு கை கொடுக்கிறேன்' என்று வந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

வந்தவர் ஒருவர். 2021 முதலே 'ஜியா டான்' என்ற பெயரில் பணிவாகச் சின்னச்சின்ன உதவிகள் செய்துவந்தவர். முகத்தை யாரும் பார்த்ததில்லை. களைத்துப்போனவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். நெருக்கிய பெயர்களும் அதே கூட்டம்தான் என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். 2024 பிப்ரவரியில் அந்த நிரலின் புதிய பதிப்பில் ஒரு கொல்லைப்புறக் கதவு வைக்கப்பட்டது. தொலைவிலிருந்து அடுத்தவர் கணினிக்குள் நுழையும் கள்ளக்கதவு. டெபியனின் நாற்றங்காலுக்குள்ளும் சோதனை வயலுக்குள்ளும் அது வந்துவிட்டது.

பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர். டெபியனின் நிலையற்ற பதிப்பில் வேறு ஏதோ சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடாமல் நோண்டினார். மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். குதிருக்குள், அதாவது நிலையான பதிப்புக்குள், அது போகவில்லை. மெதுவாகப் போகும் வழக்கம் அன்றைக்குக் காப்பாற்றியது. நாலு நாள் முன்புதான் 'புதுப் பதிப்பைச் சீக்கிரம் ஏற்றுங்கள்' என்று டெபியனுக்கே ஒரு கோரிக்கை வந்திருந்தது.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "பார்த்தியா, எல்லாருக்கும் திறந்துவிட்டா இதான் நடக்கும்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. திறந்து கிடந்ததால்தான் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்தார்கள். பார்த்துக்கொள்ளும் கடமை ஒருவர் தலையில் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதை வைத்துச் சம்பாதித்த பெரிய பெரிய கம்பெனிகளும் கவனிக்கவில்லை.

அமெரிக்காவில் 2014இல் பயிர் வளர்ப்பு அறிஞர்கள் சிலர், இந்த மென்பொருள் வழியைப் பார்த்தே 'திறந்த விதை'க்கு ஓர் உறுதிமொழி வெளியிட்டார்கள். இந்த விதையை யாரும் பூட்டக்கூடாது என்பதே அதன் சாரம். நல்ல காரியம். ஆனால் உறுதிமொழி திருட்டைத்தான் தடுக்கும். விதையை வருசா வருசம் விதைத்து, கலப்பு நீக்கி, காயவைத்து எடுத்துவைக்க ஆள் வேண்டுமே?

டெபியனில் இதற்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பொதியைப் பார்த்துக்கொள்ள முடியாதவர் 'இது இனி அநாதை' என்று அறிவித்துவிடலாம். 'துணைக்கு ஆள் வேண்டும்' என்றும் கேட்கலாம். எல்லாம் ஒரே பொதுப்பட்டியலில் இருக்கும். முடியவில்லை என்று சொல்வது அங்கே வெட்கமில்லை. எக்ஸ்இசட் மாதிரி வெளியில் எழுதப்படும் நிரல்களுக்கு இப்படி ஒரு பட்டியல் இருந்து, நாலு நல்லவர்கள் கண்ணில் பட்டிருந்தால் கதை மாறியிருக்கலாம்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எங்கள் குழுவில் 23 வகை நெல் இருக்கிறது என்று மேடையில் பெருமையாகச் சொல்வேன். அதில் 17 வகையை வைத்திருப்பது ஒரே ஒரு பெரியம்மா. "மாப்பிள்ளைச் சம்பா இருக்கா பெரியம்மா?" என்று கேட்கத்தான் போன் போட்டிருக்கிறோம். போன புரட்டாசியில் "இடுப்பு முடியலப்பா, அடுத்த வருசம் என்னால ஆவாது" என்றார். "உங்களுக்கு என்ன பெரியம்மா, நூறு வயசு இருப்பீங்க" என்று சிரித்துவிட்டு, விதையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சொன்னதும் அந்தப் பராமரிப்பாளர் எழுதியதும் ஒன்றுதான் என்று இதையெல்லாம் கேட்ட பிறகுதான் உறைத்தது.

போன மாதக் கூட்டத்தில் அதே பழைய மடிக்கணினியில் ஒரு பட்டியல் போட்டோம். விதையின் பெயர், யாரிடம் இருக்கிறது, இரண்டாவது ஆள் யார் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் பதினான்கு இடம் காலியாக இருந்தது. கூட்டம் முடிவதற்குள் ஐந்து நிரம்பியது. மீதி ஒன்பதுக்கு ஆள் வேண்டும். உங்கள் குழுவிலும் இந்த ஆடிக்குள் இப்படி ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். விதைக்கு மட்டுமல்ல, கணக்கு எழுதுபவர், சந்தைக்கு வண்டி எடுப்பவர், கூட்டத்துக்கு எல்லோரையும் கூப்பிடுபவர் என்று எல்லோருக்கும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அவரைப் பாராட்டிச் சால்வை போர்த்துவது அப்புறம் இருக்கட்டும். முதலில் அவர் வீட்டுக்குப் போய், "முடியுதா?" என்று கேளுங்கள்.