பெடல்ல கட்டை வைக்கற மக்களே

உயரம் கம்மியானவங்க கார் பெடல்ல மரக்கட்டை வச்சு போல்ட் போட்டுக்கறாங்க. பிரச்னை நியாயமானதுதான். சீட்டை முன்னாடி இழுத்தா ஸ்டியரிங் நெஞ்சுக்கிட்ட வந்துடுது. ஏர்பேக் வண்டின்னா நடுவுல 25 செ.மீ.யாவது இடைவெளி வேணும்.

ஆனா வழி தப்புங்க. கட்டை வச்சதும் குதிகால் தரையில ஊன்றாது. ஊன்றின குதிகாலைத் திருப்பித்தானே ஆக்சிலரேட்டர்லேர்ந்து பிரேக்குக்குப் போறோம்? இனிமே காலை அந்தரத்துல தூக்கித் தேடணும். அதைவிட மோசம், தினசரி மிதிக்குத் தாங்கற போல்ட், மாடு குறுக்கே வந்து முழு பலத்தோட மிதிக்கறப்ப கழண்டு, கட்டை பிரேக்குக்கு அடியிலயே போய் உக்காந்துட்டா?

முதல்ல சீட்டை முன்னாடி தள்ளி, முதுகுப்பக்கத்தைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க. நிறைய பேருக்கு அதுலயே சரியாயிடும். அப்பவும் எட்டலைன்னா மாற்றுத்திறனாளிகளுக்கு வண்டி மாத்தித் தர்ற பட்டறைக்குப் போய், குதிகாலுக்கு மேடையும் சேர்த்துக் கேளுங்க. செலவுதான், ஒத்துக்கறேன். அப்படியே ஆர்.சி.யிலயும் பதிஞ்சுடுங்க.